இடம் போட்டு வைத்த பீக்கர்

அக்கா,

இன்று காலை உங்கள் பீக்கரில் ஒட்டியிருந்த டேப் தானாக உரிந்து விழுந்துவிட்டது.

மார்கழிப் பனியா, கண்ணாடிச் சாமான்களை அவிக்கிற மெஷினிலிருந்து வருகிற ஆவியா, எதனால் என்று தெரியவில்லை. பசை விட்டுப்போயிருந்தது. தரையில் கிடந்ததை எடுத்து மூக்கின் பக்கம் கொண்டுபோனேன். ரப்பரும் புளித்த மாவும் கலந்த அந்த வாசம். பழைய கட்டடத்தில் தொட்டிப் பக்கம் எப்போதும் இருந்த வாசம். நீங்கள் கறுப்பு மார்க்கரால் எழுதிய 'கழுவாதே' முக்கால்வாசி மங்கிவிட்டது. 'ழு' மட்டும் கெட்டியாக இருக்கிறது. ழுவின் வாலை எப்போதும் நீளமாக இழுப்பீர்கள்.

டேப் இல்லாவிட்டால் அது வெறும் பீக்கர். யார் கையில் கிடைத்தாலும் கழுவிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. பேசியதும் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

நான் வேலைக்கு வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்குப் பதினெட்டு முடிந்த மாதம். அம்மா வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்ட வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா நடக்கத் தொடங்கிய பிறகு, சின்னப் பிள்ளைகளோடு திரும்பப் போய் உட்கார வெட்கமாக இருந்தது. அப்புறம் போகவே இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறி, வாழைக்கும் நெல்லுக்கும் வருகிற நோய்களை ஆராய்கிற உங்கள் இடத்துக்குப் பாத்திரம் கழுவ வந்தேன். பீக்கர், குடுவை, சோதனைக்குழாய். ஆராய்ச்சிக்காரர்கள் அழுக்காக்குவார்கள், நான் கழுவுவேன். அவ்வளவுதான் வேலை.

அந்தப் பழைய கட்டடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வராந்தாதான். முழங்கை மாதிரி மடங்கிய நீள வராந்தா. ஒரு பக்கம் முழுக்க அறைகள். மடங்குகிற இடத்தில் சிமெண்டுத் தொட்டி. மற்ற குழாய்களில் போர்வெல் தண்ணீர். அதில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆற்றுத் தண்ணீர் அந்தத் தொட்டிக் குழாயில் மட்டும்தான் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற மெஷின். அது பென்சில் பருமனுக்குக்கூட ஊற்றாது. ஒரு கேன் நிறையக் கால் மணி நேரம் ஆகும். வாழை அறையோ, நெல் அறையோ, மண் அறையோ, யாராக இருந்தாலும் அந்த மெஷின் முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். எல்லாருக்கும் அதன் மேல் எரிச்சல். "இதுக்கு ஆத்துக்கே போயிட்டு வந்திரலாம் வே" என்று மண் சார் தினமும் சொல்வார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிற, மண்ணை ஆராய்கிற பெரியவரை நீங்கள் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். அதனால் எனக்கும் அவர் மண் சார்தான்.

வாழை அறையின் ஆராய்ச்சி டாக்டர் நீங்கள். வந்த முதல் வாரமே நான் உங்கள் பீக்கர் ஒன்றைக் கழுவிவிட்டேன். தொட்டி ஓரத்தில் இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சகதி, மேலே கலங்கல் தண்ணீர். அழுக்கு என்றுதானே நினைப்பேன்? சோப்பு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள்.

"ஏட்டி, கழுவிட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்ததும் சோப்புக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பீக்கரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"மூணு வாரமா படிய வச்சிருந்தேன். ஒரு துளி மிச்சம் வைக்கலையே."

மெஷின் பக்கத்தில் கேனோடு நின்ற மண் சார் சிரித்துவிட்டார். "டாக்டரே, நம்ம ஆபீஸ்ல இவ்வளவு சுத்தமா வேலை செய்யுத ஆளு இந்தப் பிள்ளை ஒண்ணுதான். திட்டி விரட்டிராதீரும்."

நீங்களும் சிரித்துவிட்டீர்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. நீங்கள் உள்ளே போய் டேப் எடுத்து வந்து, என் முன்னாலேயே கிழித்து, பெரிய எழுத்தில் 'கழுவாதே' என்று எழுதி ஒட்டினீர்கள். "தப்பு எம்மேல மக்கா. ஒண்ணும் எழுதாம வச்சது நான்தான். இனி இது ஒட்டியிருந்தா மட்டும் விட்டுரு. மத்ததெல்லாம் உன் இஷ்டத்துக்குத் தேய்."

அந்த டேப் அப்புறம் வேறு வேலைக்கும் போனது. உங்கள் கடற்கரை ஊரான உவரியில், தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில், எல்லாரும் விடியும் முன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்றும், குடம் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு என்றும் ஒருநாள் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, ஒரு காலி பீக்கரில் 'கழுவாதே' ஒட்டி மெஷினுக்குக் கீழே வைத்தீர்கள். "இடம் போட்டுட்டேன். பைய வாரேன். யாரும் முந்துனா எங்கிட்ட சொல்லணும்." மறுநாள் நெல் அறை மேடத்தின் பீக்கர் உங்களுடையதற்குப் பின்னால் நின்றது. அடுத்த வாரம் நாலைந்து. படித்துப் பட்டம் வாங்கினவர்கள் எல்லாரும் குழாயடியில் குடம் போடுகிற மாதிரி பீக்கர் போட்டார்கள். முந்தினால் சண்டை வேறு.

"மண் சார், என் பீக்கரை யாரு நகட்டுனது?"

"காத்து நகட்டியிருக்கும் டாக்டரே."

"உவரியிலகூட இம்புட்டுக் காத்து கெடையாது. பிள்ள, நீ சொல்லு, யாரு நகட்டுனா?"

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொள்வேன். மண் சார்தான் என்று எனக்குத் தெரியும். சொன்னதில்லை.

அந்தத் தொட்டியில் நின்று நான் கேட்டதையெல்லாம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் மட்டும் வாழை வாடாமல் நிற்கிறது, சுற்றிலும் எல்லாத் தோட்டமும் வாடிக்கிடக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று ஆறு மாதமாக நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் உங்கள் கேன் நிறைந்துகொண்டிருந்தது. மண் சாரின் பீக்கர் பின்னால் காத்திருந்தது. சும்மா நிற்கப் பிடிக்காமல் அவர் கேட்டார்.

"அந்தத் தோட்டக்காரன் வாய்க்கால் வண்டலை அள்ளி வாழைக்குக் கொட்டுதானா?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா அந்த வாய்க்கால் வண்டல் என் ரூம்ல மூட்டையில கெடக்கு. அதுல என்னவோ இருக்கு, என்னன்னுதான் தெரியலை."

நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றீர்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினீர்கள். கேன் நிறைந்து வழிந்து உங்கள் செருப்பு நனைந்தது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான்தான் பைய வந்து மெஷினை நிறுத்தினேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி நீங்கள் சொன்னீர்கள்: "அவரு ரூமு என் ரூம்ல இருந்து பதினோரு எட்டு. இத்தனை நாளும் நான் போகலை, அவரும் வரலை. தண்ணி மட்டும் வேகமா வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுட்டி." அதற்குப் பிறகு நான் அந்த மெஷினைத் திட்டியதில்லை.

அப்புறம் புதுக் கட்டடம் வருகிறது என்றார்கள்.

ஒரு என்ஜினியர் பெரிய வரைபடத்தோடு வந்தார். வராந்தாவில் மேசை போட்டு, நாலு மூலையிலும் குடுவையை வைத்து, தாளை விரித்தார். அவரவருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். மண் சார் சத்தம் வராத தனி அறை கேட்டார். நெல் அறை மேடம் அறைக்கு அறை தண்ணீர் கேட்டார். எல்லாரும் அறைக்கு அறை தண்ணீர்தான் கேட்டார்கள். கேட்கமாட்டார்களா? நின்று நின்று கால் வலிக்கிறதே. நீங்கள் மட்டும் வராந்தா கேட்டீர்கள்.

"வராந்தா எதுக்கு மேடம்? அம்புட்டு இடமும் வீணாப் போகுமே."

"நிக்கதுக்கு."

"நிக்கதுக்கா?"

"ஆமா. தண்ணி நெறையுத வரைக்கும்."

"அதான் தண்ணி ஒங்க ரூமுக்கே வந்திருதே, மேடம்."

என்னைப் பார்த்தீர்கள், என்னிடம் ஏதோ பதில் இருக்கிற மாதிரி. பிறகு கேட்டீர்கள்: "ஒனக்கு என்னட்டி வேணும்? நீயும்தான வேலை பாக்க. சொல்லு, எழுதுதேன்."

நான் மேசை மூலைக் குடுவையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். நீங்கள் விடவில்லை. கடைசியில் சொன்னேன்.

"கதவு."

"என்னது?"

"கழுவுற இடத்துக்கு ஒரு கதவு."

அக்கா, அது என் மனதில் வெகுநாளாக இருந்தது. வராந்தாவின் மடக்கில், எல்லாரும் போகிற வருகிற வழியில், உடுப்பெல்லாம் நனைந்து நான் நிற்பேன். ஆண்கள் வந்து நிற்பார்கள். யாரும் தப்பாகப் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தார்கள். பேச்சுக்கு நடுவில் என்னிடம் எதையாவது கேட்பார்கள், நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவேன். ஒரு கதவு இருந்தால் உள்ளே நின்று நிம்மதியாகக் கழுவலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஜன்னல், அலமாரி, வராந்தா எல்லாம் எங்க கடக்கரையில போர்த்துக்கீசியன் கப்பல்ல வந்து எறங்குன சொல்லு. கதவு மட்டுந்தான் ஒங்க ஆத்தங்கரைச் சொல்லு. அதைத்தானே நீ கேப்ப?" பக்கத்தில் நின்ற மண் சார், "சாவியும் ஒங்க கப்பல்லதான் வந்துச்சு, டாக்டரே" என்றார். "சரி, அதை ஒத்துக்கிடுதேன்" என்றீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். தாளில் உங்கள் வராந்தாவுக்குக் கீழே எழுதினீர்கள்: கழுவும் அறைக்குக் கதவு.

உங்கள் வராந்தா வரவில்லை. என் கதவு வந்தது.

புதுக் கட்டடம் அழகுதான். மூன்று மாடி. தரையில் முகம் தெரியும். ஒவ்வொரு அறையிலும் குழாய், ஒவ்வொரு அறையிலும் வடித்த தண்ணீர், காப்பி மெஷின்கூட மாடிக்கு ஒன்று. கதவுக்குக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். கழுவும் அறை தரைத் தளத்தின் பின்கோடியில். சாமான்கள் ஒரு சின்ன லிஃப்டில் தட்டுத் தட்டாக இறங்கி வரும். தட்டில் அறை எண் இருக்கும். கழுவித் திரும்ப ஏற்றிவிட வேண்டும். ஆள் முகமே பார்க்க வேண்டாம். முதல் நாள் நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தனியாக நின்று சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

முதல் மாதம் நீங்கள் தினமும் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். கதவைத் தட்டி, கேலியாக, "ராணியம்மா, உள்ள வரலாமா?" என்பீர்கள். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை. அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. யாரும் தடுக்கவில்லை. வேலை இருந்தது, படி இருந்தது, வருவதற்குக் காரணம்தான் இல்லை. ஒருநாள் வந்தபோது, "மண் சாரைப் பாத்து பதினஞ்சு நாளாச்சு. ரெண்டாவது மாடியிலதான் இருக்காரு. மெயில் போட்டாரு. மெயில்ல 'மதிப்பிற்குரிய'ன்னு எழுதுதாரு என்னைய" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் குடுவையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மாடித் தட்டில் ஒரு பீக்கர் தனியாக வந்தது. காலி. காய்ந்திருந்தது. அழுக்கே இல்லை. மேலே டேப்: கழுவாதே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா இடம் போட்டிருக்கிறார்கள், வருவார்கள் என்று ஜன்னல் விளிம்பில் வைத்தேன். நீங்கள் வந்தால் உட்கார ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்தேன். வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வேலையாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் எண் அப்பாவின் போனில்தான் இருந்தது. போனை அவர் வயலுக்குக் கொண்டுபோய்விடுவார்.

வியாழக்கிழமை மத்தியானம் பீக்கரை எடுத்துக்கொண்டு படியேறினேன். மூன்றாவது மாடிக் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தேன், அக்கா. என் அட்டைக்கு அது திறக்காது. பக்கத்தில் ஒரு மணி இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். நீளமான வழி, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், ஒரு ஆள் இல்லை. மணியின் மேல் விரலைக் கொண்டுபோனேன். அழுத்தினால் யாரோ ஒரு சார் வருவார். என்ன வேண்டும் என்று கேட்பார். வெறும் பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? விரலை எடுத்துவிட்டேன். இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் அந்தக் கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால்தான் இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே காய்ச்சலாம். தினமும் எடுக்க வேண்டிய அளவு விட்டுப்போகக் கூடாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களோடு வேலை செய்கிற இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். பக்கத்து அறைக்காரருக்கு அவருடைய குழாய், அவருடைய கதவு. வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் விளக்கணைக்க வந்த வாட்ச்மேன் அண்ணாச்சிதான் நீங்கள் தரையில் கிடப்பதைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சனிக்கிழமை நீங்கள் இல்லை.

பழைய கட்டடமாக இருந்திருந்தால் திங்கட்கிழமையே தொட்டியடியில் யாராவது உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள். "என்ன டாக்டரே, கண்ணு செவந்து கெடக்கு?" என்று மண் சார் கேட்டிருப்பார். நெல் அறை மேடம் கழுத்தில் கை வைத்துப் பார்த்திருப்பார். நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் பார்த்திருப்பேன். அவர்களுக்கு அது போதும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள்.

உவரிக்கு நாங்கள் ஒரு வேனில் வந்தோம். உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வள்ளம் மட்டும்தான் கிடந்தது. நீங்கள் சொன்ன குழாயைப் பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள் போல. குடங்கள் வரிசையில் இருந்தன, ஆள் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் உங்கள் வீட்டில் இருந்தார்கள். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "நீதான் அந்தக் குழாயடிப் பிள்ளையா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீ வாய் தெறக்கமாட்டன்னு சொல்லுவா. ஆனா எல்லாத்தையும் காது குடுத்துக் கேப்பன்னும் சொல்லுவா. 'அந்தப் பிள்ள நின்னா எனக்குப் பேச்சு வரும்மா'ன்னு சொல்லுவா."

கல்லறை மணலில் மண் சாரும் நெல் அறை மேடமும் மற்றவர்களும் ஒரே இடத்தில் நின்றார்கள். புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு அவர்கள் எல்லாரும் ஒன்றாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். மண் சார் மேடத்திடம், "நீங்க இப்ப எந்த மாடி?" என்று கேட்டார். மேடம், "ஒங்களுக்கு நேர் மேலதான்" என்றார். இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும்போது வேனில் மண் சாரிடம் பீக்கரைப் பற்றிச் சொன்னேன். மணியைப் பற்றியும். கதவு கேட்டதைப் பற்றியும். அவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது பழைய டேப் ஒட்டுன வெறும் பீக்கரா இருக்கும், பிள்ளே. மனசைப் போட்டு ஒழப்பாத." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார்: "கதவு கேட்டது நீ மட்டுமா? நான் சத்தமே வரக்கூடாதுன்னு கேட்டேன். குடுத்துட்டான்."

அது எனக்கு அனுப்பிய சேதியா, மறந்துபோய்த் தட்டில் விழுந்த பீக்கரா, இனி யாரிடம் கேட்பது? நான் கேட்டதால்தான் கழுவும் அறையைப் பின்கோடியில் கட்டினார்களா? என்ஜினியர் என் வரியைப் படித்துக்கூட இருக்கமாட்டார் என்றுதான் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மணி நிஜம், அக்கா. அதை அழுத்தாத விரல் இதுதான். இந்த விரலால்தான் இதை எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். பாத்திரம் உலர்த்துகிற தட்டடுக்கை என் அறையிலிருந்து இழுத்துக்கொண்டுவந்து, எல்லாரும் ஏறி இறங்குகிற பெரிய படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். மேற்பார்வை பார்க்கிற அண்ணாச்சி வந்து சத்தம் போட்டார்.

"யாரு இதை இங்கன கொண்டாந்து வச்சது?"

"நான்தான்."

"ஒன்னைய யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. உள்ள ஈரம் காயமாட்டேங்குது அண்ணாச்சி."

அவருக்கு என் குரலைக் கேட்டதே அதிசயமாகப் போயிருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். கடைசி அலசலுக்கு வடித்த தண்ணீர் வேண்டும் என்று மண் சாரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொடுத்து, ஸ்டோரில் கிடந்த பழைய மெஷின் தட்டடுக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இன்னமும் அதே வேகம்தான். மண் சார் தினமும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறார். அறைக் குழாய்த் தண்ணீர் சரியில்லையாம். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்ததும் உங்கள் ஞாபகம் வரும். மூன்றாவது மாடித் தட்டுகளை இப்போது லிஃப்டில் ஏற்றுவதில்லை. நானே கொண்டுபோகிறேன். மணியை அழுத்துகிறேன். யாராவது வந்து திறந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். முதலில் இரண்டு நாள் தரையைத்தான் பார்த்தேன். இப்போது முகத்தைப் பார்க்கிறேன். "சாப்பிட்டியளா?" என்று கேட்கிறேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. என் அறைக் கதவைக் கயிறு போட்டுத் திறந்தபடி கட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் பீக்கர் தட்டடுக்கின் முதல் தட்டில், மெஷினுக்கு நேரே இருந்தது. இன்று காலை உரிந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். உங்கள் பீக்கரைத் தூக்கினாள்.

"இது கழுவுனதுதானே? எடுத்துக்கலாமா?"

"வைங்க அதை!"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. என் சத்தம்தான். அவள் பயந்து வைத்துவிட்டாள். கேனோடு இறங்கிக்கொண்டிருந்த மண் சார் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். "அது ஒரு அக்காவோடது. இடம் போட்டிருக்காவ."

"எதுக்கு இடம்?"

அவளுக்கு என்ன தெரியும்? குழாயடிக் குடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். நான் நிறுத்திய இடத்தில் மண் சார் எடுத்துக்கொண்டார். வாய்க்கால் வண்டலைப் பற்றிச் சொன்னார். உங்கள் பீக்கரை நகர்த்தியது தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார், அக்கா. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே நின்றாள். மெஷின் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். 'நிக்கதுக்கு' என்று நீங்கள் சொன்னது இதைத்தானே?

அவள் போகும்போது தன் கையிலிருந்த பீக்கரை உங்கள் பீக்கருக்குப் பின்னால் வைத்தாள். "நானும் போட்டுக்கறேன். இப்ப வந்துடறேன்" என்று ஓடினாள்.

நான் புது டேப் கிழித்து 'கழுவாதே' என்று எழுதி உங்கள் பீக்கரில் ஒட்டினேன். என் ழுவுக்கு உங்களுடையதைப் போல வால் நீளவில்லை. பழைய டேப்பை என் சாப்பாட்டுப் பையின் உள்பக்கம் வைத்திருக்கிறேன்.

வரிசையில் முதல் இடம் உங்களுடையது. அதை யாரும் நகர்த்த விடமாட்டேன். ஆனால் பின்னால் இருக்கிற பீக்கர்கள் உங்களைத் தாண்டித்தான் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும். இன்றைக்கு ஒன்று தாண்டிவிட்டது. நாளைக்கு இன்னும் இரண்டு தாண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நான்தான். 'யாரும் முந்துனா எங்கிட்ட சொல்லணும்' என்றீர்களே, அக்கா. அதனால்தான் சொல்கிறேன்.